மலை ஈன்ற நூற்பெயர்

பேர்சொல்லும் பிள்ளை வேண்டுமென்பது நம் நாட்டார் நெடுநாள் வேட்கை. நூலியற்றும் புலவர்க்கோ அவர்தம் நூலே பேர்சொல்லும் பிள்ளை. ஆயினும், ஆசிரியன் பேரைச் சொல்லவேண்டிய அப்பிள்ளைக்கு முதற்கண் ஒரு நற்பேர் வேண்டுமன்றோ? ஈராண்டும் மூவாண்டும் உழைத்து நூலை முடிப்போருட் பலர், அதற்குப் பெயர் சூட்டும் பணியை அச்சகத்து வாயிலில் நின்றவாறே அரை நாழிகையில் முடித்துவிடுகின்றனர். சோறு சமைத்தவன் இலை போட மறந்தாற் போன்றது அது.

நூலின் பெயர் சிறியதொரு பொருளெனத் தோன்றலாம். ஆனால், நூலைப் படியாதவன் காதிலும் அதுவே விழுகின்றது. படித்து மறந்தவன் நாவிலும் அதுவே எஞ்சுகின்றது. நூலகத்துப் பட்டியலில் நூலுக்காக நிற்பது அது; ஒரு நண்பன் மற்றொரு நண்பனுக்கு நூலைக் கைகாட்டும்போது வாயினின்று வருவதும் அது. ஆகவே, நல்ல நூற்பெயர் எங்கிருந்து பிறக்கின்றது, எதனால் நிலைக்கின்றது என்பவற்றை ஈண்டு ஒருசிறிது ஆராய விரும்புகின்றோம். இவ்வாராய்ச்சிக்கு நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. சவ்வாது மலையின் அடிவாரத்தில், செங்கத்தில் ஆண்ட ஒரு தலைவன்மேற் பாடப்பெற்ற பழம்பாட்டு ஒன்றே நமக்குச் சாலும். 'மலைபடுகடாம்' என்பது அதன் பெயர்.

பெயர் மட்டும் எஞ்சிய நூல்கள்

நூற்பெயரின் அருமை, நூல் அழிந்த பின்னரே நன்கு விளங்கும். தலைச்சங்கத்தார் பாடியனவாக இறையனார் அகப்பொருளுரை கூறும் முதுநாரை, முதுகுருகு, களரியாவிரை என்பவற்றில் நமக்குக் கிடைத்தது பெயரொன்றே. நாடகத்தமிழ் நூல்களாக உரையாளர் கூறும் முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் என்பனவும் மறைந்தொழிந்தன. அவற்றின் ஏடுகளைச் செல்லும் நெருப்பும் நீரும் உண்டன. பெயர்களை உண்ண அவற்றால் இயலவில்லை.

இவற்றோடு தகடூர் யாத்திரையை ஒப்பிட்டு நோக்குக. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. சவ்வாது மலைக்கு மேற்கே உள்ளது. சேரமான் பெருஞ்சேரலிரும்பொறை, அதியமானுக்குரிய தகடூர்மேற் படையெடுத்துச் சென்ற வரலாற்றைக் கூறியது அந்நூல். புறத்திரட்டிலும் உரைகளிலுமாகச் சில பாடல்களே இன்று எஞ்சியுள்ளன. எனினும், நூல் எதனைப் பற்றியது என்று நாம் ஐயுறுவதில்லை. ஊர் இன்னது, செயல் இன்னது என இரண்டு சொற்களிற் பெயரே கூறிவிடுகின்றது. வளையாபதியின் நிலைமை வேறு. ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றெனப் போற்றப்பட்டும், சிதறிய பாடல்கள் சிலவே கிடைத்தமையால், அப்பெயர்க்கு உரிய பொருளையும் கதையையும் உறுதியாகத் துணிவார் இல்லை. ஒரு பெயர் நூலைச் சுமந்து நிற்கின்றது; மற்றொரு பெயர்க்கு நூலின் துணையின்றி நிற்க இயலவில்லை. பெயர் சூட்டுவோன் தன் நூலுக்குக் கடைசிவரை துணைநிற்கும் ஒருவனைத் தேர்ந்தெடுக்கின்றான் என்பது இவற்றாற் பெறப்படும்.

இலக்கணம் வகுத்த நெறி

நூலுக்குப் பெயர் எவ்வாறு அமையும் என்பதையும் இலக்கணத்துள் அடக்கியது தமிழ். பதின்மூன்றாம் நூற்றாண்டிற் சீயகங்கன் வேண்டுகோளின்படி நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், பாயிரத்திலேயே இதற்கொரு சூத்திரம் வகுத்துள்ளார். முதனூல், கருத்தன், அளவு, மிகுதி, பொருள், செய்வித்தோன், தன்மை முதலிய காரணங்களாலும், இடுகுறியாலும் நூல்கள் பெயர் பெறும் என்பது அதன் கருத்து.

இவற்றைச் சில எடுத்துக்காட்டுக்களால் விளக்குவோம். வடமொழி முதனூலின் பெயரையே கொண்டது பாரதம். இயற்றினோன் பெயரால் வந்தவை அகத்தியம், தொல்காப்பியம். அளவினால் வந்தவை பன்னிருபடலம், நாலடி நானூறு. களவு, கற்பு இரண்டையும் கூறியும், களவே மிகுந்து நிற்றலின் களவியல் எனப்பட்டது ஒரு நூல். இது மிகுதியால் வந்த பெயர். புறப்பொருளைக் கூறுவது புறப்பொருள் வெண்பாமாலை. இது பொருளால் வந்தது. செய்வித்தோனால் வந்தனவாகச் சாதவாகனம், இளந்திரையம் என்பவற்றைக் காட்டுவர். தன் சிறப்புத் தோன்றச் சிந்தாமணி, சூடாமணி எனப் பெயர் பெற்றவையும் உள. நன்னூல் என்னும் பெயரும் அவ்வகையினதே. நல்ல நூல் என்று தன் நூலுக்குத் தானே பெயரிடுதற்கு எத்துணைத் துணிவு வேண்டும்! எழுநூறாண்டுகட்கு மேலாகத் தமிழ் மாணவர் அதனைக் கைவிடாது கற்று, அத்துணிவைத் தக்கதென ஆக்கிவிட்டனர்.

இச்சூத்திரத்தில் எமக்குப் பெரிதும் இனிப்பது, ஏழு காரணங்களை எண்ணியபின் அவர் இட்ட 'முதலிய' என்னும் பொருள்தரு சொல். காரணங்கள் இவ்வளவே என்று கதவை அடைக்காது, பின்வருவோர்க்கு ஒரு வழி திறந்து வைத்தார் முனிவர். அவ்வழியே நுழைந்து பார்த்தால், அவர்க்குப் பன்னூறாண்டுகள் முன்னரே அங்கே ஒரு புலவர் நிற்பதைக் காணலாம். அவரே மலைபடுகடாம் பாடிய இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார்.

சவ்வாது மலையடியில் ஒரு பாட்டு

கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்றாகிய சவ்வாது மலை, இக்காலத்துத் திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களிற் பரந்து கிடக்கின்றது. சேயாறு இம்மலையிற் பிறந்து செங்கத்தின் வழியாக ஓடுகின்றது. செங்கத்தின் பழம்பெயர் செங்கண்மா. அது பல்குன்றக் கோட்டத்தைச் சேர்ந்தது. பல குன்றுகளையுடைய நாடு என அந்நாட்டின் பெயரே நிலத்தை ஓவியமாக்கிக் காட்டுகின்றது. ஆங்கிருந்து ஆண்ட நன்னன் சேய் நன்னன் என்னும் வேளே இப்பாட்டின் தலைவன். பாட்டிற் கூறப்படும் நவிர மலையைச் செங்கத்திற்கு அணித்தாகிய பருவத மலையென அறிஞர் கருதுவர்.

பத்துப்பாட்டினுள் இறுதியில் வைக்கப்பெற்ற இது 583 அடிகளை உடையது. மதுரைக்காஞ்சிக்கு அடுத்தபடி அத்தொகையில் நீண்டது. பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், வறுமையால் வாடி எதிர்வரும் கூத்தர் கூட்டத்தை நன்னனிடம் வழிப்படுத்துவதாக அமைந்தது. எந்த வழியிற் பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், எங்கே தினைப்புனங் காப்போரது கவண்கல் வந்து விழும், எங்கே பாம்புக்கு அஞ்சி நடத்தல் வேண்டும், எவ்வூரில் எவ்வுணவு கிடைக்கும் என அவன் அடிக்கடி நின்று கூறுகின்றான். மலைவழி நடந்து பழகியவன் வாய்மொழியாகவே அது நம் செவியில் விழுகின்றது.

இடையில் ஓரிடத்தே அவன், காணுதலை விட்டுக் கேட்டலைக் கூறத் தொடங்குகின்றான். மலைமேல் எழும் ஒலிகளை அடுக்கிக்கொண்டே போகின்றான். அருவியில் ஆடுவோர் ஆரவாரம், தேனழித்த கானவரின் மகிழ்ச்சிக் கூச்சல், புலி பாய்ந்த கணவனது புண் ஆறுதற்பொருட்டுக் கொடிச்சி பாடும் பாட்டு, பிடி நழுவிப் பள்ளத்தில் வீழ்ந்த குட்டியை நோக்கிக் கதறும் மந்தியின் அழுகுரல், கிளி ஓட்டும் மகளிரின் தட்டையொலி, தினை குற்றுவோர் பாடும் வள்ளைப்பாட்டு, கரும்பாலையின் ஓசை, பன்றியை வெருட்டும் பறை. இவற்றில் இன்பமும் உண்டு, துன்பமும் உண்டு; விலங்கும் உண்டு, மனிதரும் உண்டு; உழைப்பும் உண்டு, களிப்பும் உண்டு. அவ்வொலிகள் யாவும் பாறைகளில் மோதி எதிரொலித்து ஒன்றாகித் திசையெங்கும் முழங்குகின்றன.

அவ்விடத்தில், 348ஆம் அடியில், 'மலைபடுகடாம்' என்னும் தொடர் வருகின்றது. கடாம் என்பது யானையின் மதநீர். படுதல் என்பது ஈண்டு உண்டாதல். மலையை யானையாகவும், மலையில் எழும் பேரொலியை அவ்யானையினின்று பெருகும் மதமாகவும் புலவர் கண்டார். மலைக்கு யானையை உவமித்து, அதன்கட் பிறந்த ஓசையைக் கடாமெனச் சிறப்பித்தமையாலேயே பாட்டிற்கு இப்பெயர் வந்தது என நச்சினார்க்கினியர் விளக்குவர். கண்ணுக்குரிய மலையும், காதுக்குரிய ஒலியும், மூக்கிற்கெட்டும் மதமும் ஒரே சொற்றொடரிற் கூடியமை காண்க. கூத்தர் நடந்த வழி, கண்ட மக்கள், கேட்ட ஓசை, நன்னனது நாட்டின் வளம் ஆகிய எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகின்றன.

இரு பெயர்களின் போட்டி

இப்பாட்டிற்கு வேறொரு பெயரும் உண்டு. 'கூத்தராற்றுப்படை' என்பது அது. அதுவும் பொய்யான பெயரன்று. நன்னூலார் கூறிய 'பொருள்' என்னும் காரணத்தால் அமைந்த, குற்றமற்ற பெயர். கூத்தரை ஆற்றுப்படுத்துவது கூத்தராற்றுப்படை. பாட்டின் வகையை ஐயமின்றி அறிவிக்கின்றது. ஆயினும், உலகம் கைக்கொண்டது மலைபடுகடாத்தையே. 1889ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்து வெளியிட்டது முதல் இன்றளவும், மாணவர் வாயில் வழங்குவது அதுவே.

இதற்குக் காரணம் யாது? பத்துப்பாட்டினுட் பாதி ஆற்றுப்படைகளே. திருமுருகாற்றுப்படை, பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை என்னும் நான்கினோடு ஐந்தாவதாக இதுவும் கூத்தராற்றுப்படை என நின்றிருப்பின், ஒரே சீருடை அணிந்த ஐவருள் ஒருவராகவே தோன்றியிருக்கும். வகைப்பெயர் ஒரு நூலை அதன் இனத்தோடு சேர்க்கின்றது. தனிப்பெயரோ அவ்வினத்தினின்று அதனைப் பிரித்துக் காட்டுகின்றது. படிப்போன் நினைவிற் பதிவது இரண்டாவதே.

இதே சவ்வாது மலையின்மீது, காவலூரில், வானாராய்ச்சி நிலையம் ஒன்று உள்ளது. ஆங்கிருந்து 1988ஆம் ஆண்டில் ஒரு சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டது. வானூலார் பட்டியலில் அதன் எண் 4130. அதற்கு இராமானுசன் என்று கணிதப் பேரறிஞரின் பெயரையும் சூட்டினர். எண்ணும் உண்மை, பெயரும் உண்மை. தொலைநோக்கியைத் திருப்புவோர்க்கு எண் பயன்படும். ஆனால், சிறுவனொருவன் வீட்டிற்கு ஓடிவந்து தன் தாயிடம் சொல்லுவது பெயரைத்தான். நூல்களின் நிலையும் அதுவே. அட்டவணைக்கு வேண்டுவது வகை. நாவிற்கு வேண்டுவது பெயர்.

நூலினுள்ளிருந்து பெயர் கொள்ளல்

மலைபடுகடாம் என்னும் பெயர் வெளியினின்று ஒட்டப்பட்டதன்று. பாட்டின் நடுவே விளைந்த சொல்லைப் பறித்துப் பாட்டின் தலையிற் சூட்டியது. இது பழந்தமிழர்க்கு இயல்பான வழக்கமே. பதிற்றுப்பத்தில் ஒவ்வொரு பாட்டிற்கும் அதனுள் வரும் சிறந்த தொடரே பெயராயிற்று. புண்ணுமிழ் குருதி, பூத்த நெய்தல், நிரைய வெள்ளம், துயிலின் பாயல் என அப்பெயர்களைப் படிக்கும்போதே பாட்டினைத் தேடி மனம் விரைகின்றது. இன்னும் ஒருபடி மேற்சென்று, இயற்பெயர் அறியப்படாத புலவர்க்கும் அவர் பாட்டினின்றே பெயர் தந்தனர். செம்புலப்பெயனீரார், அணிலாடுமுன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்போர் அத்தகையர். ஒரு மனிதன் வாழ்நாளெல்லாம் பேசிய சொற்களுள் ஒன்றையே எடுத்து அவனுக்குப் பெயராக்கினமை, சொல்லின்மேல் நம் முன்னோர்க்கிருந்த மதிப்பைக் காட்டுகின்றது.

உள்ளிருந்து பெயர் கொள்வதற்குப் பாட்டின் தொடரையே கொள்ளவேண்டுமென்பதில்லை. உட்பொருளைப் பிழிந்தும் கொள்ளலாம். நெடுநல்வாடை அத்தகையது. அதே வாடைக்காற்று, கணவனைப் பிரிந்திருக்கும் அரசிக்கு நெடிதாகவும், பாசறையில் வினைமேல் நிற்கும் அரசனுக்கு நல்லதாகவும் அமைந்தது என்பர். மூன்று சிறு சொற்களில் அரண்மனையும் பாசறையும் எதிரெதிரே வந்து நிற்கின்றன. பாட்டைப் படிக்குமுன் அப்பெயர் ஒரு புதிர். படித்தபின் அதுவே விடை. இவ்விரண்டு நிலையிலும் சுவைக்கும் பெயரே தலையாய பெயர் என்பது எம் கருத்து.

பொருளொன்றை முன்னிறுத்தும் பெயர்

கண்ணகியின் கதையைக் காப்பியமாக்கிய இளங்கோவடிகள், அதற்குக் கண்ணகியின் பெயரையோ கோவலன் பெயரையோ இடவில்லை. சிலப்பதிகாரம் எனக் காற்சிலம்பின் பெயரை இட்டார். சிலம்பு காரணமாக விளைந்தமையின் அப்பெயர் வந்ததென்பதைப் பதிகமே கூறும். கண்ணகியின் காலினின்று கழன்ற சிலம்பு, மதுரைக் கடைத்தெருவிற்கும், பொற்கொல்லன் கைக்கும், பாண்டியன் அவைக்கும் செல்கின்றது. கடைசியில் உடைந்து உள்ளிருந்த மாணிக்கத்தைக் காட்டி வழக்கைத் தீர்க்கின்றது. கதையின் கணுக்கள்தோறும் சிலம்பு இருத்தலின், பெயரைச் சொன்னால் கதை முழுதும் தொடர்ந்து வருகின்றது. பாரதத்தினின்று ஒரு பகுதியை எடுத்த பாரதியாரும், அவமானமுற்ற பெண் உரைத்த வஞ்சினத்தையே தலைப்பாக்கிப் பாஞ்சாலி சபதம் என்றார். நெடுங்கதையில் தாம் நிற்குமிடம் எதுவென்பதை அப்பெயராலேயே உணர்த்திவிட்டார்.

மருந்தையே பெயராக்கிய அறநூலாரையும் நாம் மறத்தலாகாது. சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றும் கூடியது திரிகடுகம். பாட்டுத்தோறும் மும்மூன்று கருத்துக் கூறிய நல்லாதனார் தம் நூலுக்கு அதனைப் பெயராக்கினார். காரியாசானது சிறுபஞ்சமூலம் ஐந்து வேர்களின் பெயர். பாட்டிற்கு ஐந்து கருத்து. கணிமேதாவியாரது ஏலாதி, ஏலம் முதலிய ஆறு சரக்குகள் கூடிய மருந்து. பாட்டிற்கு ஆறு கருத்து. நூலின் அளவையும், பயனையும், உண்ணும்போது சற்றே கார்க்கும் என்பதையும் ஒரே சொல்லில் அடக்கிய திறம் வியக்கத்தக்கது. பாட்டி கைமருந்தாகத் தந்த பொருளை அறியாதார் யாவர்? அறிந்த பொருளின் பெயரால் அறியாத நூலை அறிமுகஞ் செய்தமையே இப்பெயர்களின் வெற்றி.

படிப்போர் தீர்ப்பு

பெயரிடுவோன் ஆசிரியனே எனினும், அப்பெயரை நிலைநிறுத்துவோர் படிப்போரே. இராஜம் ஐயர் 1893ஆம் ஆண்டு முதல் விவேக சிந்தாமணிப் பத்திரிகையில் எழுதிவந்த நாவலுக்கு 'ஆபத்துக்கிடமான அபவாதம்' என்றும் 'கமலாம்பாள் சரித்திரம்' என்றும் இரு பெயர்கள் இருந்தன. அக்காலத்து வழக்கப்படி 'அல்லது' என்னும் சொல் இரண்டையும் இணைத்தது. முன்னது கதையின் நீதியைச் சொல்லுகின்றது. பின்னது ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லுகின்றது. நூறாண்டு கழிந்தபின் எது எஞ்சிற்று? கமலாம்பாளை நாம் அறிவோம். அபவாதத்தைத் தேடி அறியவேண்டியிருக்கின்றது. நீதியை முகப்பில் எழுதி ஒட்டினால் படிப்போன் உள்ளே வரத் தயங்குவான். ஒரு மனிதரை வாயிலில் நிறுத்தினால், அவரோடு பேசிக்கொண்டே உள்ளே வந்துவிடுவான்.

மேனாட்டிலும் இவ்வாறே நிகழ்ந்தது. டேனியல் டீஃபோ 1719இல் வெளியிட்ட கதையின் முகப்பில், கப்பலுடைந்ததும், தனித்தீவில் வாழ்ந்ததும், கடற்கொள்ளையரால் மீண்டதும் எல்லாம் தலைப்பாகவே ஒரு பத்தியளவிற்கு அச்சாகியிருந்தன. படிப்போர் அவ்வளவையும் உதறிவிட்டு ராபின்சன் குரூசோ என்னும் பெயரை மட்டும் கைக்கொண்டனர். ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட நூலின் நெடும்பெயரும் இவ்வுலகினின்று மறுவுலகிற்கு என்னும் வாலை இழந்தே உலகெங்கும் வழங்குகின்றது. அந்நூலைத் தழுவி எச். ஏ. கிருஷ்ண பிள்ளை தமிழிற் காப்பியமாகப் பாடி 1894இல் வெளிவந்தது இரட்சணிய யாத்திரிகம். அவர் நெடும்பெயரை மொழிபெயர்க்க முயலவில்லை. பயணத்தின் முடிவு இரட்சணியம் என்பதை முன்வைத்து, இரண்டே சொற்களில் முழுமையும் உணர்த்தினார். மொழிபெயர்ப்போர் கைக்கொள்ளத்தக்க நெறி இது.

சில பெயர்கள் ஒரு பொருளோடு நில்லாமல் இரு பொருள் தந்து இன்புறுத்தும். வீரமாமுனிவரின் தேம்பாவணியை வாடாத மாலை எனவும் பிரிக்கலாம். தேன் போன்ற பாக்களாலாகிய அணி எனவும் பிரிக்கலாம். இவ்வகைச் சிலேடை வலிந்து செய்யப்படின் வெறுப்பையே தரும். ஈண்டு இரு பொருளும் நூலுக்குப் பொருந்தலின், பெயரே ஒரு சிறு கவிதையாய் நிற்கின்றது.

எளிய பெயரின் மாட்சி

இதுவரை கூறியவற்றால், எல்லா நூலுக்கும் உருவகப் பெயரே வேண்டும் என்று எவரும் கருதற்க. மலைபடுகடாத்திலேயே, மறவர் பெயர் பொறித்த நடுகற்கள் வழியில் நிற்பதைக் கூத்தன் கூறுகின்றான். அச்செங்கம் பகுதியில் உண்மையிலேயே நடுகற்கள் பல கண்டெடுக்கப்பட்டன. இரா. நாகசாமி அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ்நாட்டுத் தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் வெளியிட்ட நூலுக்குச் 'செங்கம் நடுகற்கள்' என்றே பெயர். இடமும் பொருளும் சொல்லியாயிற்று. அதற்குமேல் ஒரு சொல்லும் மிகை. கல்வெட்டைத் தேடி வரும் ஆராய்ச்சியாளனுக்கு உருவகப் பெயர் வழிமறிக்கும் புதராகும். பாட்டிற்கு அழகாவது ஆராய்ச்சிக்கு இடையூறாகலாம்.

சாமிநாதையர் தம் வரலாற்றை எழுதியபோது 'என் சரித்திரம்' என இரு சொற்களோடு நிறுத்தினார். ஏடு தேடி ஊரூராய் அலைந்த ஒருவரது வாழ்க்கைக்கு எத்தனையோ அணிமொழிகளை அடுக்கியிருக்கலாம். அவ்வடக்கமே அவரது இயல்பை நமக்கு அறிவிக்கின்றது. கடைத்தெருவில் விற்ற கதைப்புத்தகங்களோ, 'பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை' என எழுத்தின் பருமனையும் பெயரோடு சேர்த்துக்கொண்டன. இதனைக் கண்டு நகைப்பவர், அந்நூலை வாங்கியவர் யாரென எண்ணிப்பார்க்க வேண்டும். அகல்விளக்கின் ஒளியில், எழுத்துக்கூட்டிப் படிக்கும் முதியோர்க்கு, எழுத்துப் பெரியது என்பதினும் இனிய செய்தி வேறு யாது? படிப்போன் இன்னான் என அறிந்து இட்ட பெயர் எளிதாயினும் சிறந்ததே.

பெயரிடப் புகுவோர்க்குச் சில

நம் கல்லூரி மாணவருள், இன்று இம்மலரிற் கட்டுரை எழுதுவோர் நாளை நூலும் எழுதுவர். பழைய மாணவருட் சிலர் எழுதியும் வருகின்றனர். அவர்கட்கு, மேற்கூறியவற்றினின்று பெறப்படும் சில நெறிகளைத் தொகுத்துக் கூறுகின்றோம்.

முதலாவது, நூலை முடிக்குமுன் பெயரை முடிவு செய்தலாகாது. எழுதும்போது அழைப்பதற்கு ஒரு தற்காலிகப் பெயர் இருக்கலாம். நூல் முடிந்தபின் முதலிலிருந்து படித்து, எந்தத் தொடரில் நூலின் உயிர் துடிக்கின்றது எனத் தேடுக. பெருங்கௌசிகனாரது பெயர் 348ஆம் அடியில் ஒளிந்திருந்தது. உம்முடையதும் எங்கோ ஓரிடத்தில் இருக்கக்கூடும். ஒன்றும் அகப்படவில்லையாயின், குறை பெயரிலன்று, நூலிலேயே உளதோ எனவும் ஒருமுறை ஆராய்தல் நலம்.

இரண்டாவது, அப்பெயர் வேறு பத்து நூல்கட்கும் பொருந்துமா என வினவுக. மஞ்சரி, திரட்டு, கோவை, களஞ்சியம், சிந்தனைகள் என முடியும் பெயர்களுட் பல, எவர் தலைக்கும் பொருந்தும் தலைப்பாகை போன்றவை. பொருந்துமென்றால், அது உமது பெயரன்று.

மூன்றாவது, வாய்விட்டுச் சொல்லிப்பார்க்க. ஒரு மூச்சில் அடங்குகின்றதா, நாக்கில் இடறுகின்றதா என்று அப்போது தெரியும். பெயரை மட்டும் ஒரு நண்பரிடம் கூறி, மறுநாள் கேட்டுப்பார்க்க. அவர் மாற்றிச் சொன்னால், அம்மாற்றத்தையும் கவனிக்க. சிற்சில வேளைகளில் அதுவே மேலானதாயிருக்கும்.

நான்காவது, முன்னரே வேறொருவர் சூட்டிய பெயரா என நூலகப் பட்டியல்களைப் பார்க்க. ஒரே தெருவில் ஒரே பெயருடையார் இருவர் இருப்பின், கடிதம் மாறிச் செல்வது இயல்பு.

ஐந்தாவதே யாவற்றினும் சிறந்தது. பெயர் உண்மை கூறுதல் வேண்டும். விழாவிற்குக் கட்டிய தோரணம் போலப் பெயர் பெரிதாய்த் தொங்க, உள்ளே ஒன்றுமில்லையாயின், படித்தவன் அந்நூலை மட்டுமன்றி அவ்வாசிரியனது அடுத்த நூலையும் விலக்குவான். கவர்ச்சியான பெயர் ஒருமுறை விற்கும். உண்மையான பெயரே தலைமுறைதோறும் நடக்கும்.

நன்னனது அரண்மனை இன்றில்லை. அவன் கூத்தர்க்கு வாரி வழங்கிய பொன்னும் இன்றில்லை. அப்பாட்டைக் கேட்டு அவன் அளித்த பரிசில் இன்னதென்று கூறவும் ஆளில்லை. மலை நிற்கின்றது, மழை பெய்தால் அருவி முழங்குகின்றது, புனங்களிற் சாமையும் தினையும் விளைகின்றன. அவ்வொலியைக் கேட்போர், தமிழ் கற்றவராயின், தம்மையறியாமலே மலைபடுகடாம் என்பர். ஒரு நூற்பெயர் தான் பிறந்த மலைக்கே பெயராய்த் திரும்பிச் செல்லுமாயின், அதனினும் பெரிய பேற்றை எந்நூலாசிரியனும் வேண்டான்.